செஞ்சிக்கு வந்த ராஜாவும் கடலூருக்கு வந்த லாத்தூர் பெண்களும்

2025 ஜூலை 11ஆம் தேதி பாரிஸில் யுனெஸ்கோ கூட்டத்துல நம்ம செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க இல்லையா, மறுநாள் காலையில பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில அதே பேச்சுதான். செஞ்சியைத் தனியா அறிவிக்கலை. "மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்" என்ற தலைப்பில் மொத்தம் 12 கோட்டைகள். அதில் ராய்கட், ராஜ்கட், பிரதாப்கட், பன்ஹாலா, சிந்துதுர்க்கம் என்று 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவது மட்டும் தன்னந்தனியா இங்க, நம்ம திண்டிவனம் - திருவண்ணாமலை ரோட்டு மேல.

பேப்பர் படிச்சுட்டிருந்த பெரியவர் ஒருத்தர் கேட்டார், "அப்ப மத்த பதினொண்ணும் நமக்கு அண்ணன் தம்பிங்களா?"

டீ ஆத்துறவர் விடலை. "அண்ணன் தம்பின்னா ஒரு கஷ்டம்னா வந்து நிக்கணும். என்னைக்கு வந்தானுங்க?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் அந்தக் கேள்வி விடவே இல்லை. ஏன்னா வந்திருக்காங்க. அந்தப் பக்கத்துலேருந்து நம்ம பக்கத்துக்கு ஆபத்து நேரத்துல வந்து நின்னிருக்காங்க. கோட்டை கட்டின ராஜாக்கள் இல்லை, மண் சுவரு இடிஞ்சு விழுந்து வீட்டையும் பிள்ளையையும் பறிகொடுத்த கிராமத்துப் பெண்கள். அதுக்கு முன்னாடி, ரொம்ப முன்னாடி, நாமளும் அவங்களுக்கு இடம் கொடுத்திருக்கோம். அந்த இரண்டு கதையையும் சேர்த்து எழுதிடலாம்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல ராஜா கதை. தேசிங்கு ராஜா இல்லைங்க, அவர் 1714. அவருக்கு முன்னாடி.

1677ல் சத்ரபதி சிவாஜி பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து செஞ்சியைப் பிடிக்கிறார். மூணு மலை, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, மூணையும் சேர்த்து மதில். அவர் அதை இன்னும் பலப்படுத்தினார். அவ்வளவு தூரத்துல இருக்கிற கோட்டைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று அப்போது யாராவது முணுமுணுத்திருக்கலாம். பன்னிரண்டே வருஷத்தில் பதில் கிடைத்துவிட்டது. 1689 மார்ச்சில் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். அந்த வருஷமே தலைநகர் ராய்கட்டும் விழுந்தது. இளைய மகன் ராஜாராம் பன்ஹாலாவிலிருந்து மாறுவேஷத்தில் தப்பி, தெற்கே தெற்கே என்று வருகிறார். வழியில் கெளதி ராணி சென்னம்மா, முகலாயர் கோபத்துக்குப் பயப்படாமல் அவரைத் தன் நாடு வழியாகக் கடத்தி விடுகிறார். (இந்த அம்மாவைப் பத்தித் தனியா ஒரு பதிவு எழுதணும், கடன் இருக்கு.) கடைசியில் 1689 நவம்பர் வாக்கில் ராஜாராம் செஞ்சி வந்து சேர்கிறார்.

அதுக்கப்புறம் எட்டு வருஷத்துக்கு மேல மராட்டிய அரசின் தலைநகரம் எது தெரியுமா? நம்ம ஊருதான்! முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690லிருந்து கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தும், 1698 ஆரம்பத்தில்தான் உள்ளே நுழைய முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பித்துப் போய்விட்டார். செஞ்சி மட்டும் அந்த எட்டு வருஷம் தாக்குப் பிடிக்கலைன்னா மராட்டிய வரலாறே வேற மாதிரி போயிருக்கும்னு தோணுது. இது என் கருத்து, சண்டைக்கு வர்றவங்க வரலாம் :-)

ராஜாராம் செஞ்சியில் இருந்தபோது செய்த ஒரு காரியம் கடலூருக்குச் சம்பந்தப்பட்டது. கடலூர் பக்கத்துல தேவனாம்பட்டினம் இருக்கில்லையா, கடற்கரைக்குப் போவோமே, அங்கிருந்த சின்னக் கோட்டையை 1690ல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். முற்றுகைச் செலவு, காசு வேணும். அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கை: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ அது வரைக்கும் உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. அந்தக் கிராமங்களுக்குப் பிற்பாடு "குண்டு கிராமம்" என்றே பேர் வந்தது. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பேர் வைத்தார்கள்.

ஆக, செஞ்சி மலையும் கடலூர்க் கடற்கரையும் ஒரே கணக்குப் புத்தகத்துல இருந்தவை. இடையில எண்பது கிலோமீட்டருக்கு மேல ரோடு. அந்த ரோட்டுலதான் 2004 டிசம்பர் கடைசியில நான் ஒரு டாடா 407 வண்டியில உட்கார்ந்து போனேன்.

26ஆம் தேதி ஞாயித்துக்கிழமை. செஞ்சியில எங்களுக்கு ஒண்ணும் தெரியலை. டிவியில பார்த்துத்தான் தெரியும். தமிழ்நாட்டில் மட்டும் எட்டாயிரம் பேர் வரை இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேல். எங்க விழுப்புரம் மாவட்டத்துலயும் மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் சாவு. தெருவுல நாலு பசங்க சேர்ந்து வீடு வீடாப் போய்த் துணி சேகரிச்சோம். யாரும் இல்லைன்னு சொல்லலை. புடவை, வேட்டி, பிள்ளைங்க சட்டை, ஒருத்தர் கோட்டு கூடக் கொடுத்தார். மூட்டை மூட்டையாக் கட்டி வண்டியில ஏத்தினப்போ மனசுக்குள்ள ஒரு பெருமை. பொய் சொல்லலை.

கடலூர்க் கரையை நெருங்கும்போதே ரோட்டோரத்துல குவியல் குவியலாத் துணி. எங்களை மாதிரி எத்தனையோ வண்டி முன்னாடியே வந்து கொட்டிட்டுப் போயிருக்கு. மழையில நனைஞ்சு, மண்ணுல புரண்டு, மாடு ஒண்ணு ஒரு பாவாடையை மென்னுக்கிட்டு நிக்குது. ஒரு அம்மா, கூடை தூக்கி மீன் விக்கிறவங்கன்னு பேச்சுலயே தெரிஞ்சுது, எங்க வண்டியை எட்டிப் பார்த்துட்டுச் சொன்னாங்க:

"துணி வேணாம் தம்பி. அடுத்தவங்க கட்டினதை நாங்க கட்டறதில்ல. குண்டான் இருக்கா? அரிசி குடுக்கறாங்க, ஆக்கறதுக்கு ஏனம் இல்ல."

எங்ககிட்ட ஏனம் இல்லை. ஒரு கரண்டி கூட இல்லை. வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்தோம். கொண்டு போனதுல பாதியை வழியில ஒரு இடத்துல இறக்கி வெச்சோம், எங்கேன்னு சொல்ல வெக்கமா இருக்கு.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. நாகையிலும் கடலூரிலும் குவிந்த பழைய துணி அரசுக்கே தலைவலியாகிவிட்டது. டெல்லியிலிருக்கும் கூஞ்ச் என்ற அமைப்பு லாரி லாரியாக அந்தத் துணிகளை வாங்கித் தரம் பிரித்தது. உடுத்த முடியாததைப் பெண்களின் மாதவிலக்குக்கான துணி நாப்கினாக மாற்றும் வேலையைப் பெரிய அளவில் எடுத்துச் செய்தார்கள். வேண்டாத துணியிலும் ஒரு பிரயோஜனம் கண்டுபிடிச்ச புண்ணியவான்கள்.

சரி, லாத்தூருக்கு வருவோம்.

1993 செப்டம்பர் 30, விடிகாலை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால். மகாராஷ்டிராவின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்கள் (உஸ்மானாபாத்துக்கு இப்போ தாராசிவ்னு பேர்). முதல் நாள்தான் பிள்ளையாரை ஆத்துல கரைச்சுட்டு வந்து அசதியில எல்லாரும் தூங்கறாங்க. கில்லாரி என்ற ஊரை மையமாக வைத்து பூமி குலுங்கியது. ஏறக்குறைய எட்டாயிரம் பேர் போனார்கள், பத்தாயிரத்தை நெருங்கும் கணக்குகளும் உண்டு. ரிக்டர் கணக்கில் அது 6.2 அல்லது 6.4. உலகத்தில் அடிக்கடி வருகிற அளவுதான். இவ்வளவு பேரைக் கொன்றது பூமி இல்லை, சுவர்.

அந்தப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு அடி, மூணு அடி கனத்தில் கல் சுவர். பார்க்க எங்க கோட்டை மதில் மாதிரி இருக்கும். ஆனா உருண்டைக் கல்லை வெறும் சேத்துல அடுக்கினது. உள் முகம் ஒண்ணு, வெளி முகம் ஒண்ணு, நடுவுல சல்லி. இரண்டு முகத்தையும் கோத்துப் பிடிக்கிற நீளக் கல் கிடையாது. மேலே மரச்சட்டம் போட்டு, வெயில் தாங்கணும்னு அடி அடியா மண்ணைக் கொட்டியிருப்பாங்க. குலுக்கின குலுக்கில் சுவர் இரண்டாப் பிளந்து ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே. அதுமேல அத்தனை மண்ணும் இறங்கிச்சு. தூங்கினவங்க தூங்கினபடியே.

52 கிராமங்களை அப்படியே வேறு இடத்தில் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். நகரத்துக் காலனி மாதிரி நேர்நேர்த் தெருக்கள். மாட்டுக்கு இடம் இல்லை, திண்ணை இல்லை, சொந்தக்காரங்க எங்கேயோ நாலு தெரு தள்ளி. இது ஒரு பக்கம். இதைவிடப் பெரிய வேலை இன்னொன்று: முழுசா இடியாமல் விரிசல் விட்ட வீடுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில், இரண்டு லட்சம் வரை. அவற்றை அந்தந்தக் குடும்பமே பழுது பார்த்துப் பலப்படுத்திக்கொள்ள வேண்டும், அரசு பணமும் யோசனையும் கொடுக்கும் என்று திட்டம். உலக வங்கிக் கடன். ஆனால் எஞ்சினீயர் சொல்வது கிராமத்துக்குப் புரியவில்லை, கிராமத்தின் பயம் எஞ்சினீயருக்குப் புரியவில்லை.

இங்கேதான் ஸ்வயம் சிக்ஷண் பிரயோக் என்ற அமைப்பு வருகிறது. அதை நடத்தியவர் பிரேமா கோபாலன், 2022ல் மறைந்தார். அவர்கள் செய்தது சாதாரண காரியம் போலத் தோன்றும். ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து "சம்வாத் சகாயக்" என்று பேர் கொடுத்தார்கள். பேச்சுக்கு உதவுகிறவர், அவ்வளவுதான் அர்த்தம். இந்தப் பெண்கள் எஞ்சினீயர்களிடம் போய், சுவரில் எங்கே கோப்புக் கல் செருக வேண்டும், மூலையை எப்படிக் கட்ட வேண்டும், கூரை மண்ணை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தெருவில் உட்கார்ந்து மற்ற பெண்களுக்குச் சொன்னார்கள். சிமெண்ட் வந்துச்சா, கொத்தனார் ஏமாத்துறானா, தவணைப் பணம் ஏன் வரலை, எல்லாத்தையும் கேட்டார்கள். அதுவரைக்கும் கிராம சபைப் பக்கமே போகாத பெண்கள். வீடு கட்டி முடிஞ்சப்புறமும் அந்தக் குழுக்கள் கலையலை. சேமிப்பு, தண்ணீர், சுகாதாரம்னு தொடர்ந்தாங்க.

2001 ஜனவரி 26. குஜராத்தின் கட்ச் பகுதியில் பூகம்பம், 7.7. அரசுக் கணக்கிலேயே 13,800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லாத்தூர்ப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். மூட்டை கட்டிக்கிட்டு இல்லை. பாஷை தெரியாது, ஊர் தெரியாது. ஆனா இடிஞ்ச சுவரைப் பார்த்தா அது எப்படி இடிஞ்சிருக்கும்னு தெரியும். இன்னும் ஆறு மாசத்துல என்ன நடக்கும், முதல் தவணை வந்து இரண்டாவது தவணை நின்னு போகும், தகரக் கொட்டகையில வெயில் எப்படிக் கொல்லும், ஆம்பிளைங்க எந்த மாசத்துல குடிக்க ஆரம்பிப்பாங்க... இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு? அவங்களுக்கு எட்டு வருஷம் முன்னாடி நடந்தது, அதனால தெரியும். 1999ல் துருக்கியில் நடந்த பூகம்பத்துக்குப் பிறகு அங்குள்ள பெண்கள் அமைப்போடும் இதே மாதிரிக் கொடுக்கல் வாங்கல் உண்டு. இதே குஜராத்தில் பாட்டன்கா என்ற கிராமத்துக்கு நேபாளத்திலிருந்து கொத்தனார்கள் வந்து, நிலநடுக்கம் தாங்கும் வீடு எப்படிக் கட்டுவது என்று உள்ளூர்க் கொத்தனார்களுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொத்தனாருக்குக் கொத்தனார். கையில் மட்டக்கோலும் குண்டுநூலும் இருந்தால் பாஷை எதுக்கு?

நாலு வருஷம் கழிச்சு சுனாமி. இப்போது லாத்தூர்ப் பெண்களோடு குஜராத் பெண்களும் சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். நாகை, கடலூர் மாவட்டங்களுக்கு.

இதை நான் பல வருஷம் கழிச்சுத்தான் படிச்சேன். படிச்சப்போ என் 407 வண்டி ஞாபகம் வந்துச்சு. எண்பது கிலோமீட்டர்லேருந்து போன எங்களுக்குத் தெரியாதது, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து, கடலையே சரியாப் பார்த்திராத ஒரு சோளக்காட்டுப் பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்கு. என்ன கேட்கணும்னு தெரிஞ்சிருக்கு.

மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து ரொம்ப பலமானது. நிவாரணம் முழுக்க அதன் வழியாகத்தான் பிரிந்தது. அது ஒரு வகையில் நல்லது, அடிதடி இல்லாமல் பங்கு போட்டார்கள். ஆனால் பஞ்சாயத்தில் இருப்பது ஆண்கள், வரி கட்டும் ஆண்கள். புருஷன் இல்லாத பொம்பளை, கூடை தூக்கிப் பிழைக்கிறவ, கடலுக்குப் போகாத சாதிக்காரங்க, இவங்க பேரு லிஸ்ட்ல கடைசியில வரும், இல்லை வரவே வராது. படகு போனவனுக்குப் படகு. கூடையும் தராசும் போனவளுக்கு? லாத்தூர் பெண்கள் வந்து முதலில் உட்கார்ந்தது பெண்களோடு. வீடு இடிஞ்சா யாரு பேருல வருது, தண்ணி எங்கேருந்து தூக்குறீங்க, கொட்டகையில கதவு இருக்கா, வயசுப் பொண்ணு ராத்திரி எங்க ஒதுங்குது? கேள்விகள்தான் அவங்க கொண்டு வந்த நிவாரணம். பிறகு அந்த அமைப்பு இரண்டு மாவட்டங்களிலும் தங்கி, பெண்கள் சுகாதாரக் குழுக்களை உருவாக்கியது.

கட்ச்சிலிருந்து இன்னொரு கூட்டமும் வந்தது. 1998 ஜூன் காண்ட்லா புயலுக்குப் பிறகு அங்குள்ள தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து "அபியான்" என்று ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தார்கள். 2001 பூகம்பத்தில் அவர்கள் பதினைந்து இருபது கிராமத்துக்கு ஒன்று என்று தகவல் மையங்கள் போட்டார்கள். அதுக்குப் பேர் என்ன தெரியுமா? "சேது". நம்ம ராமேஸ்வரத்துச் சேதுதான். அந்த அனுபவத்தோடு நாகப்பட்டினத்துக்கு வந்து, இங்கிருந்த மீனவர் கூட்டுறவுச் சம்மேளனமான சிஃப்ஸ், சினேகா ஆகிய அமைப்புகளோடு சேர்ந்து, 2005 ஜனவரி தொடக்கத்தில் தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை உருவாக்க உதவினார்கள். அப்போது அந்த ஒரு மாவட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் நுழைந்திருந்தன. ஒரே ஊருக்கு நாலு பேர் பாய் கொடுப்பார்கள், பக்கத்து ஊருக்கு ஒருத்தர் கூடப் போகமாட்டார்கள். யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டும், கிராமத்துக்காரன் தனக்கு என்ன உரிமை என்று கேட்க ஓர் இடம் வேண்டும். கிராமத் தகவல் மையங்கள் அப்படித்தான் வந்தன. மாவட்ட நிர்வாகமும் ஒத்துழைத்தது, அதையும் சொல்லணும்.

எல்லாம் சுபமா முடிஞ்சுதுன்னு எழுத ஆசைதான். இல்லை. படகு விஷயத்துல யார் சொன்னதும் எடுபடலை. உலகம் பூரா வந்த காசு, போட்டோவுக்கு அழகா இருக்கிறது படகு. கட்டுமரம் வெச்சிருந்தவனுக்கும் கண்ணாடி இழைப் படகு. சுனாமிக்கு முன்னாடி இருந்ததைவிட அதிகமா படகு கரையில நின்னுச்சு. மீன் அதே மீன்தான். இத்தனை படகு வேண்டாம் என்று மீனவர் தரப்பிலிருந்தே எச்சரித்தவர்கள் உண்டு.

வீட்டு விஷயமும் இழுபறி. 2005 மார்ச் 30ல் வந்த 172ஆம் எண் அரசாணைப்படி, அலை தொடும் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே போனால் புது வீடு. போகமாட்டேன் என்றால் இருந்துகொள்ளலாம், ஆனால் அரசு உதவி கிடையாது. கடலைப் பார்க்காம மீன்காரன் எப்படித் தூங்குவான்? தண்ணி நிறம் மாறுறதையும் காத்து திரும்புறதையும் வாசல்லேருந்து பார்த்துத்தான் அவன் தொழில். வலையையும் இஞ்சினையும் ஒரு கிலோமீட்டர் யார் சுமக்கிறது? விட்டுட்டுப் போன கரையில நாளைக்கு ரிசார்ட் வராதுன்னு என்ன நிச்சயம்? லாத்தூரில் 52 ஊர்களை இடம் மாற்றினபோது வந்த அதே பேச்சு. அங்கே மாட்டுக் கொட்டகை, இங்கே வலை. ஒரு நல்லது, புது வீடுகளைப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பேரிலும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இந்த மாதிரித் தூரத்து உறவுக்கு உலகத்துல ரொம்பப் பிரபலமான கதை ஒண்ணு உண்டு, தெரிஞ்சவங்க அடுத்த பாராவுக்குத் தாவிடலாம். 1830களின் ஆரம்பத்தில் சாக்டா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து பிடுங்கி, இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டினார்கள். வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பதினாறு வருஷம்கூட ஆகவில்லை, 1847 மார்ச் 23ல் அவர்கள் கூட்டம் போட்டு, உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சாகும் அயர்லாந்துக்காரர்களுக்காக 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அயர்லாந்து மறக்கவில்லை. கார்க் மாவட்டத்து மிடில்டன் ஊரில் ஒன்பது எஃகு இறகுகளால் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2020ல் கொரோனாவில் நவஹோ, ஹோப்பி பழங்குடிகள் தவித்தபோது அயர்லாந்திலிருந்து பணம் குவிந்தது. சாக்டாவுக்குப் பட்ட கடனை அவர்கள் இனத்தாருக்கு அடைத்தார்கள். 2018ல் ஓக்லஹோமா போய் சாக்டா மக்களுக்கு நேரில் நன்றி சொன்ன அயர்லாந்துப் பிரதமர் லியோ வரத்கர். அவர் அப்பாவுக்குச் சொந்த ஊர் மகாராஷ்டிராவில் மால்வண் பக்கத்து வராட் கிராமம். மால்வண் கடலுக்குள்ள நிக்குதே சிந்துதுர்க்கம், அது நம்ம டீக்கடைப் பட்டியல்ல உள்ள பதினொண்ணுல ஒண்ணு! சுத்திச் சுத்தி எங்க வந்து நிக்குது பாருங்க.

எங்க மாவட்டத்துலேருந்தும் ஒண்ணு சொல்லிக்கிறேன். 2018ல் கேரளா வெள்ளத்தில் மூழ்கினபோது, விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி சைக்கிள் வாங்க வருஷக்கணக்கா உண்டியல்ல சேர்த்த பணம், ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட, அப்படியே அனுப்பிட்டா. துணி அனுப்பலை, பாத்தீங்களா. அப்புறம் ஒரு சைக்கிள் கம்பெனி அவளுக்குச் சைக்கிள் கொடுத்தது தனிக்கதை.

ராஜாராமையும் லாத்தூர்ப் பெண்களையும் ஒரே தராசுல வெக்கறது சரியான்னு கேட்பீங்க. அவர் படையோட ஆள வந்தவர், ஜனங்க வரி கட்டியிருப்பாங்க, முற்றுகையில பட்டினி கிடந்திருப்பாங்க. சுத்துப்பட்டு ஊர்களை எட்டு வருஷம் இரண்டு படையும் சேர்ந்து மேய்ஞ்சிருக்கும். இடம் கொடுத்தது செஞ்சி ஜனங்களைக் கேட்டு இல்லை. அதெல்லாம் நியாயம்தான். அதனாலதான் எனக்கு இரண்டாவது கதை பெருசாத் தெரியுது. யாரும் அனுப்பாம, யாரையும் ஆளாம, ரயில்ல ரெண்டாம் வகுப்புல வந்து இறங்கினவங்க அவங்க. யுனெஸ்கோ பட்டியல்ல அவங்க பேரு இருக்காது. லாத்தூர்ல பன்னிரண்டுல ஒரு கோட்டை கூட இல்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்த மாதிரியே தெரியலை, அப்படியே நின்னு கொட்டிச்சு. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல். செஞ்சி மலையில் பிறந்து புதுச்சேரி பக்கம் போய்க் கடலில் சேருகிற சங்கராபரணி ஆறு கரை தாண்டி ஓடியது. எங்க தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி. எங்க வீட்டுல கீழ்த்தட்டுப் புத்தகம் பூராப் போச்சு. கரண்ட் இல்லை.

மறுநாள் சாயந்தரம் செல்போன்ல கொஞ்சம் உயிர் இருந்தப்போ ஒரு கால். கடலூர்லேருந்து. சுனாமி சமயத்துல எங்க வண்டியோட பழக்கமான பையன், இப்போ நாப்பது வயசு, ரெண்டு பிள்ளைங்களுக்கு அப்பன். அங்கேயும்தான் தண்ணி. அவன் நலம் கூட விசாரிக்கலை.

"அண்ணே, வண்டி ஒண்ணு கிளம்புது. துணி எதுவும் ஏத்தல. உங்க தெருவுல எத்தினி வீடு, கைக்குழந்தை எத்தினி, மாத்திரை சாப்புடுற பெரிசுங்க எத்தினி? ஏனம் இருக்கா, அடுப்பு எரியுதா? சொல்லு, எழுதிக்கிறேன்."

நான் குடையைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவுல இறங்கி, வீடு வீடா எண்ண ஆரம்பிச்சேன்.